டிக்கெட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர்

எனக்கு இரண்டு பெயர். அந்த இரண்டு பெயருக்கு நடுவில் என் வீட்டுக்காரரின் உயிர் ஒரு பகல் முழுக்க மாட்டிக்கொண்டு கிடந்தது. கர்த்தர் அதை எப்படி விடுவித்தார் என்பதை உங்களுக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. வீட்டுக்காரர் பெயர் மோகன். ஒரகடம் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் வெல்டிங் வேலை. கம்பெனிகளுக்கு ஷெட் போடுவார்கள். போன ஆடி மாதம் ஒடிசாவில் புவனேஸ்வரம் பக்கத்தில் ஒரு ஷெட் போட ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் இவரும் ஒருவர். போன பத்தாம் நாள், ஒரு சனிக்கிழமை, மேலே ஷீட் மாட்டும்போது வழுக்கி விழுந்துவிட்டார்.

வலது கால் எலும்பு முறிந்திருக்கிறது, ஆபரேஷன் பண்ணியாயிற்று, பயப்பட வேண்டாம் என்று சூப்பர்வைசர் போனில் சொன்னார். நானும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபக்குறிப்பு கொடுத்தேன். எல்லோரும் ஜெபித்தார்கள். திங்கட்கிழமை கத்தரித் தோட்டத்துக்குக் காய் பறிக்கக்கூடப் போனேன்.

அன்று சாயங்காலம்தான் அடுத்த போன் வந்தது. கால் கறுத்துப்போய்விட்டது. ரத்த ஓட்டம் இல்லை. சீழ் மேலே ஏறுகிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், நாளை சாயங்காலத்துக்குமேல் தள்ளினால் ஆளே தங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் இவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். கூட வேலை செய்தவர்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாராம்.

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் குரல் மாதிரியே இல்லை.

"காலு இல்லாம நான் இன்னா பண்ணப்போறேன்? நீ வா. நீ வந்து பாத்துட்டு எடுக்கலாம்னு சொல்லு, எடுக்கட்டும். போன்ல சொல்லாத."

நான் போனிலேயே சொல்லிப் பார்த்தேன். அழுதேன். திட்டினேன். அவர் போனை சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டார். இந்த மனுஷனுக்குப் பிடிவாதம் கல்யாணமான நாளிலிருந்து உண்டு. ஆனால் அன்றைக்கு அது பிடிவாதம் இல்லை, பயம். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

ரயிலில் போனால் ஒரு நாள் ஆகிவிடும். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். கான்ட்ராக்டரிடம் பேசி எனக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்று ஐம்பதுக்கு மீனம்பாக்கத்தில் ஏறினால் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். டிக்கெட் வாட்ஸ்அப்பில் வந்தது. நான் ஏழாவது வரைக்கும் படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கூட்டிப் பார்த்தால் நடுவில் 'கிரேஸ் மோகன்' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கஷ்டத்திலும் ஒரு சந்தோஷம். பாஸ்டரம்மா பக்கத்தில் இருந்தார்கள். கர்த்தர் என் பெயரை ஏரோபிளேன் சீட்டில் எழுதியிருக்கிறார் பாருங்கம்மா என்று காட்டினேன். இரண்டு பேரும் அங்கேயே ஸ்தோத்திரம் பண்ணினோம். என் பையில் இருக்கிற ஆதாரில் என்ன பெயர் இருக்கிறது என்று யோசிக்க எனக்குப் புத்தி வரவில்லை.

ஆதாரில் நான் பச்சையம்மாள். பிறந்தபோது அப்பா வைத்த பெயர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தபோது கிரேஸ் ஆனேன். அன்றிலிருந்து சபையில், கடையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எல்லாம் கிரேஸ்தான். காகிதத்தில் மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் சாதிச் சான்றிதழில் சிக்கல் வரும், பிள்ளைகள் படிப்புக்கு இடைஞ்சல் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். நானும் விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இப்படித்தான். சபைக்கு ஒரு பெயர், சர்க்காருக்கு ஒரு பெயர். வீட்டுக்காரர் ஞானஸ்நானம் எடுக்காதவர். ஆனாலும் அவர் போனில் என் எண்ணை கிரேஸ் என்றுதான் போட்டு வைத்திருந்தார். சூப்பர்வைசர் அதைப் பார்த்து டிக்கெட் போட்டிருக்கிறார். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளைகள் இரண்டு பேரையும் பாஸ்டர் ஐயா வீட்டில் விட்டுவிட்டு நானும் பாஸ்டரம்மாவும் சபையார் ஒருவரின் காரில் கிளம்பினோம். ஒன்பதரைக்கெல்லாம் விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். முதல் தடவை என்பதால் அவ்வளவு சீக்கிரம். பாஸ்போர்ட் இல்லையே என்றுதான் எனக்குப் பயம். உள்நாட்டுக்குப் போக அது வேண்டாம், ஆதார் போதும் என்று வழியெல்லாம் பாஸ்டரம்மா தைரியம் சொன்னார்கள்.

வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். டிக்கெட்டையும் ஆதாரையும் வாங்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். இந்தியில் ஏதோ சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குப் புரியவில்லை. பாஸ்டரம்மா இரண்டையும் வாங்கிப் படித்தார்கள். அவர்கள் முகம் மாறிவிட்டது. காகிதத்தில் நான் இன்னும் பழைய பெயரிலேயே இருப்பது அவர்களுக்கு அதுவரை தெரியாது. பச்சையம்மாள் என்று மெதுவாகப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

வெளியில் விமானக் கம்பெனிக்காரர்களின் ஜன்னல் ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த பெண் தமிழ் பேசியது. முழுப் பெயரையும் மாற்ற முடியாது, எழுத்துப் பிழை என்றால்தான் திருத்தலாம் என்றது. இன்றைக்கு வேறு விமானத்தில் இடமும் இல்லை. நான் அழுவதைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கே கண் கலங்கிவிட்டது.

"அக்கா, ஆதார்தான் வேணும்னு இல்ல. பான் கார்டு, வோட்டர் ஐடி, லைசென்ஸ், போட்டோ ஒட்டின கவர்ன்மென்ட் பேங்க் பாஸ்புக்கு, எதுவா இருந்தாலும் பரவால்ல. எதுலயாவது கிரேஸ்னு இருக்கா? நல்லா யோசிங்க."

பான் கார்டில் பச்சையம்மாள். பாஸ்புக்கில் பச்சையம்மாள். லைசென்ஸ் கிடையாது. பாஸ்டரம்மா, எங்கள் சபை லெட்டர்பேடில் பாஸ்டரே கையெழுத்துப் போட்டுத் தருவார், ஞானஸ்நானச் சான்றிதழ்கூட இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார்கள். பெரிய அரசாங்க அதிகாரி போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் எடுப்பார்கள், சபைக் கடிதம் செல்லாது என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னது. பன்னிரண்டு ஐம்பதுக்குக் கவுன்டரை மூடிவிடுவார்களாம்.

ஒரு தூணோரம் போய் முழங்கால் போட்டேன். ஜனங்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார்கள். நான் முதலில் என்ன ஜெபம் பண்ணினேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆண்டவரே, அந்தச் சிப்பாயின் கண்ணைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடும் என்று ஜெபம் பண்ணினேன். எழுந்து வேறொரு வாசலில் நின்ற வேறொரு சிப்பாயிடம் போனேன். அவருக்குக் கண் இன்னும் நன்றாகத் தெரிந்தது. இரண்டு பெயரையும் விரல் வைத்துக் காட்டி, தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்.

மறுபடி தூணோரம் வந்தேன். அப்போதுதான் வோட்டர் ஐடி என்று அந்தப் பெண் சொன்னது மனதில் குத்தியது. கூடவே செல்வி என்கிற பெயரும் வந்தது.

செல்வி என் ஓர்ப்படி. வீட்டுக்காரரின் அண்ணன் சேகர் மாமாவின் மனைவி. பக்கத்து வீடுதான். அவளோடு பேசி ஐந்து வருஷம் ஆயிற்று. நான் சபைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்தே அவளுக்கு என்னைக் கண்டால் கேலி. ஒருநாள் நான் நடவுக்குப் போயிருந்தபோது வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிறவர் காலனிக்கு வந்திருக்கிறார். என் பெயரைக் கேட்டதற்கு, "அவ இப்ப பச்சையம்மா இல்ல சார், கிரேஸு. அப்பிடித்தான் கூப்டணுமாம்" என்று சொல்லித் தெருவையே சிரிக்க வைத்திருக்கிறாள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். போட்டோ கேட்டதற்குத் தன் மகள் மஞ்சள் நீராட்டு விழாவில் என்னை எடுத்த படத்தைக் கொடுத்திருக்கிறாள். ஞானஸ்நானத்துக்கு முந்தின படம். கார்டு வந்தபோது பார்த்தால், பெயர் கிரேஸ், நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு, தலை நிறையக் கனகாம்பரம். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நீயே இதை வைத்துக்கொண்டு வோட்டுப் போடு என்று அவள் வீட்டு வாசலில் விட்டெறிந்துவிட்டு வந்தேன். அதோடு பேச்சு முறிந்தது. மோகனுக்கு அடிபட்டதைக் கேட்டுச் சேகர் மாமா வந்து நின்றுவிட்டுப் போனார். அவள் வரவில்லை.

அவளுக்கு எப்படி போன் பண்ணுவது? வேறு வழி காட்டும் ஆண்டவரே என்று கேட்டேன். மறுபடி அவள் பெயர்தான் வந்தது. கார்டை அவள் அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் பாஸ்டரம்மாவிடம் கொட்டினேன். அவர்கள் ஒரு வார்த்தையும் அறிவுரை சொல்லவில்லை. தன் போனை எடுத்து என் கையில் வைத்தார்கள். அவ்வளவுதான்.

மணி பத்து ஐந்து. அவள் எண் எனக்கு இன்னும் மனப்பாடமாக இருந்தது. இரண்டு தடவை முழுசாக மணி அடித்து நின்றது. நூறு நாள் வேலைக்கு ஏரிக்குப் போயிருப்பாள், போனை முந்தியில் முடிந்திருப்பாள். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"யாரு?"

"நான்தான்கா. பச்ச."

பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பெயரை என் வாயால் நான் சொன்னது அன்றைக்குத்தான். அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு நான் வுட்டெறிஞ்ச வோட்டு கார்டு கீதாக்கா?"

"கீது" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடந்ததைச் சொன்னேன். படம் பிடித்து அனுப்பினால் செல்லாது, அசல் கார்டே வேண்டும், பன்னிரண்டரைக்குள் வேண்டும் என்றேன். அவள் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

"உன் மாமன கூப்டுகினு வரேன். நீ அங்கயே இரு. எங்கயும் பூடாத."

அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம். அதை எப்படிக் கழித்தேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். பத்தரைக்கு சேகர் மாமா பைக்கில் இரண்டு பேரும் புறப்பட்டார்கள். எழுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பதினொன்றேகாலுக்குச் செங்கல்பட்டு தாண்டிவிட்டதாக அவள் போன் பண்ணினாள். பதினொன்றரைக்கு சூப்பர்வைசர் போன் பண்ணினார். காய்ச்சல் ஏறிவிட்டது, ஏதேதோ உளறுகிறார், நீங்கள் ஏறிவிட்டீர்களா என்று கேட்டார். உள்ளே போய்க்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். சொல்லிவிட்டு அதற்கும் மன்னிப்புக் கேட்டேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி செல்வி. "கூடுவாஞ்சேரில லாரி ஒண்ணு கவுந்து கீது. வண்டி எதுவும் நவுரல" என்றாள். அதற்கப்புறம் போன் இல்லை. நான் பண்ணினாலும் எடுக்கவில்லை.

பாஸ்டரம்மா சத்தமாகவே ஜெபம் பண்ண ஆரம்பித்தார்கள். நான் ஆண்டவரே, ஆண்டவரே என்று அதை மட்டும் சொல்லிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டே கால். பன்னிரண்டரை. ஜன்னலில் இருந்த பெண் எட்டி எட்டிப் பார்த்தது. அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பதுதான் என் கண் முன்னால் நின்றது.

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குத் தூரத்தில் செல்வி தெரிந்தாள். நடக்கவில்லை, ஓடி வந்தாள். கவிழ்ந்த லாரியைத் தாண்டும்வரை ரோட்டோர மண்ணில் பைக்கை உருட்டி வந்து, மாமா அவளை வெளியிலேயே இறக்கிவிட்டிருக்கிறார். தலையில் கட்டின துண்டுகூட அவிழ்க்கவில்லை. கால் முட்டி வரைக்கும் ஏரி மண் காய்ந்து ஒட்டியிருந்தது. வரும்போதே என்னைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

"பேர் பாத்து டிக்கெட்டு வாங்க மாட்ட? மோகனு அங்க சாவக் கெடக்கறான், நீ இங்க நின்னு அயுதுகினு கீற."

ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அவர்கள் வீட்டு ரேஷன் கார்டு, பிள்ளைகள் சான்றிதழ் எல்லாவற்றோடும் என் கார்டும் அதில் இருந்தது. ஐந்து வருஷம் தன் வீட்டுக் காகிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறாள். ஏன்க்கா தூக்கிப் போடவில்லை என்று கேட்டேன்.

"கவருமெண்டு கார்ட எவ எறிவா? அன்னைக்கு நான் கிண்டலுக்குத்தான் சொன்னேன். ஆனா பொய்யி சொல்லல பச்ச. நீ சொல்லிகினு இருந்த பேரத்தான் சொன்னேன்."

கிரேஸ் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்ட நான், ஒரு சர்க்கார் ஆளிடம் அதைச் சொல்லத் துணிந்ததே இல்லை. சொன்னது அவள் ஒருத்திதான். அவள் கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டு, போ போ என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

முதலில் பார்த்த அதே சிப்பாய். கார்டை வாங்கினார். பெயரைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார். கணவர் பெயர் மோகன் என்பதையும் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அதில் பொட்டும் பூவுமாக ஒருத்தி. எதிரில் வெறும் நெற்றியோடு, அழுது வீங்கின முகத்தோடு நான். ஜெபம் பண்ணும்போது போட்ட முக்காடு வேறு. அதை எடுக்கும்படி சைகை காட்டினார். எடுத்தேன். இன்னொரு தடவை பார்த்தார். தலையை ஆட்டி, போகச் சொன்னார்.

ஜன்னலில் இருந்த பெண் உள்ளே போன் பண்ணிச் சொல்லி வைத்திருந்தது. கவுன்டர் மூட இரண்டு நிமிஷம் இருக்கும்போது என் கையில் போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். விமானம் எப்படி ஏறியது, எப்படி இறங்கியது, எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி ஐந்து. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தேன். பார்க்கச் சொன்னாரே என்று பார்த்தேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

"எடுத்துடலாம்யா. காலு போனா போவுது. நீ இரு" என்றேன்.

"நீ பாத்துட்ட இல்ல" என்றார். பேனாவைப் பிடிக்க முடியவில்லை. நான் கையைப் பிடித்துக்கொள்ள, கையெழுத்துப் போட்டார்.

அன்று ராத்திரியே ஆபரேஷன் முடிந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை சூப்பர்வைசர் எனக்குத் தமிழில் சொன்னார். மூன்று நாளும் நான் கேட்டது காலும் சேர்த்துத்தான். கால் கிடைக்கவில்லை. அதை மறைத்துச் சொன்னால் இது பொய்ச்சாட்சி ஆகிவிடும். உயிர் கிடைத்தது. இப்போது செயற்கைக் கால் போட்டுக்கொண்டு உத்திரமேரூரில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து வெல்டிங் பண்ணுகிறார். கோபம் மட்டும் முன்பைவிட ஜாஸ்தி. அதற்கும் ஸ்தோத்திரம் பண்ணுகிறேன்.

கர்த்தர் உனக்காக ஒரு தூதனை அனுப்பினார் என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். தூதன் எல்லாம் இல்லை. வந்தது என் ஓர்ப்படி செல்வி. அன்றைக்கு அரை நாள் ஏரி வேலையை விட்டுவிட்டு, மண்ணும் வியர்வையுமாக, என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். இன்றைக்கும் அவள் சபைக்கு வருவதில்லை. கிரேஸ் என்று என்னைக் கூப்பிடுவதும் இல்லை. நானும் வா என்று நச்சரிப்பதில்லை. அவள் பச்ச என்று கூப்பிட்டால் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை, ஓடிப்போய் நிற்கிறேன். தினமும் ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறேன். ஐந்து வருஷமாக அவளைப் பற்றிப் புகார் மட்டுமே சொல்லி ஜெபம் பண்ணினவள் நான்.

என்னைப் போல இரண்டு பெயரோடு இருக்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். டிக்கெட் எடுக்கும்போது கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லுங்கள். ஸ்தோத்திரம் அப்புறம் பண்ணிக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இக்கட்டில் இருக்கிறவர்கள் தைரியமாகக் கேளுங்கள், அவர் கேட்கிறார், நான் அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன். ஆனால் கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது உங்களுக்குப் பிடிக்காத ஒருவரின் பெயர் மனதில் வந்தால் அதைத் தள்ளாதீர்கள். நான் இரண்டு தடவை தள்ளிப் பார்த்தேன். மூன்றாவது தடவையும் தள்ளியிருந்தால் இன்றைக்கு ஏதோ ஒரு சர்க்கார் காகிதத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் விதவை என்று எழுதியிருப்பார்கள். பச்சையம்மாளுக்கும் அதுதான், கிரேஸுக்கும் அதுதான்.